கேசட்டில் சிரித்த கதை

கண்ணாடிக்கடை அக்காவின் குடும்பத்தில் ஒரு பேச்சுவழக்கு உண்டு. யாராவது நம்பமுடியாத ஒன்றைச் சொன்னால், “இது கேசட்ல சிரிச்ச கதைதான்” என்பார்கள். பஸ் பழுதாகி நின்றுவிட்டது என்று தாமதமாக வந்தவருக்கும் அதே பதில், பரீட்சையில் கேள்வித்தாளே தப்பு என்று சொன்ன பையனுக்கும் அதே பதில். வீட்டுக்குப் புதிதாக வரும் மருமகனுக்கோ மருமகளுக்கோ அந்த வழக்கின் வரலாற்றை யாராவது விளக்குவார்கள். விளக்கம் முடிந்ததும் எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். வழக்குக்குக் காரணமே அவள்தான்.

அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது பக்கத்து வீட்டில் ஒருவர் குடியிருந்தார். கேசட் கம்பெனி ஒன்றில் மைக் பொருத்தும் வேலை. ஒரு நாள் மதியம் தன் உறவுக்காரப் பிள்ளைகளை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனவர், வாசலில் நின்ற இவளையும் ஏற்றிக்கொண்டார். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஓர் அறை. கண்ணாடி போட்ட ஒருவர் தாளைப் பார்த்து நாடகம் படித்தார். அவர் கையைத் தூக்கினால் பிள்ளைகள் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. வாசலிலேயே அம்மா பிடித்துக்கொண்டாள். எங்கேடி போனாய் என்றதற்கு, “கேசட்ல சிரிக்கப் போனேன்” என்று உண்மையைச் சொன்னாள்.

“எந்தக் கேசட்? எங்க, காட்டு பார்ப்போம்” என்றான் அண்ணன். அப்போது அவன் பத்தாம் வகுப்பு.

காட்ட அவளிடம் ஒன்றுமில்லை. சாட்சி சொல்ல வேண்டிய பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்துவிட்டார். அண்ணன் பின்னால் ஆடிட்டர் ஆனான். அதில் குடும்பத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

அவளும் வளர்ந்தாள், படித்தாள், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தாள், பள்ளிப் பேருந்து ஓட்டுகிற ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஆனால் அந்தக் கேசட்டைத் தேடுவதை மட்டும் விடவில்லை. ஒன்றைத் தேடப் போனவள் பத்தை வாங்கி வந்தாள். பத்து ஒரு அலமாரியாகி, அலமாரி ஒரு சுவராகி, இப்போது கடையின் பின்னறை முழுக்கக் கேசட். அதிலும் அவளுக்கு ஒரு கொள்கை இருந்தது. கடையில் கொடுத்துப் பாட்டுப் பதிந்து வாங்கியது, வீட்டில் ரேடியோவிலிருந்து பிடித்தது எதுவும் உள்ளே வரக்கூடாது. கம்பெனி கேசட் மட்டும்தான். அட்டை அச்சானதாக இருக்க வேண்டும், மேல்விளிம்பில், மறுபடி பதிய விடாத அந்த இரண்டு ஓட்டையும் திறந்திருக்க வேண்டும். ஓட்டையைப் பிளாஸ்டிக் நாடாவால் ஒட்டி மேலே வேறெதையாவது பதிந்திருந்தால், பிணத்தைக் கண்டவள் போல நகர்ந்துவிடுவாள்.

கணவர் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். கிண்டலை மட்டும் விடவில்லை.

“என்ன, சிரிப்பு நடிகை இன்னைக்குக் கடை திறக்கலையா?” என்பார் காலையில்.

“ஒரு நாள் கிடைக்கும். அன்னைக்கு உங்க வாயை என்ன பண்றேன் பாருங்க.”

“கிடைக்கட்டும்மா. எனக்கும் டிக்கெட் இல்லாம ஒரு நடிகையப் பார்த்த மாதிரி இருக்கும்.”

நாடகத்தின் பெயர் அவளுக்குத் தெரிந்ததே வெகு காலத்துக்குப் பிறகுதான். ஒரு பழைய வாரப்பத்திரிகையின் பின்னட்டை விளம்பரத்தில் பார்த்தாள். ‘குடை போச்சு, மழை வந்தாச்சு’. மழையில் குடையைத் தொலைத்த ஒரு குமாஸ்தாவின் கதை. அதைப் படித்ததுமே முட்டை அட்டை அறையும் குடையும் நினைவுக்கு வந்துவிட்டன. கம்பெனி எப்போதோ மூடப்பட்டிருந்தது. சேகரிப்பவர்கள் யாரிடமும் அந்தக் கேசட் இல்லை. கேள்விப்பட்டவர்கள்கூட இல்லை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் கடை மேசைக்குத் தானாக வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் இரண்டு தெரு தள்ளி வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பவர். கண்ணாடியிலிருந்து ஒரு லென்ஸ் கழன்றுவிட்டது. லென்ஸையும் அதன் திருகையும் தொலைந்துவிடாமல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்து வந்திருந்தார். “சீக்கிரம் மாட்டிக் கொடுங்கம்மா, ஊசி எது விரல் எதுன்னு தெரியல” என்று டப்பாவை நீட்டினார்.

அது கேசட் டப்பா. அவள் அதைத் திறக்கவில்லை. திருப்பினாள். நீல அட்டையில் கொட்டும் மழை, நடுவில் தலையில் ஃபைல் கட்டை வைத்துக்கொண்டு ஓடும் ஒரு குமாஸ்தா. மேலே பெயர். கீழே பொடி எழுத்தில், ‘சிரிப்பு: குழந்தைகள்’.

“அண்ணே” என்றாள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும், “அண்ணே, இதுக்குள்ள இருந்த கேசட் எங்க?”

“கேசட்டா? அதெல்லாம் சின்ன வயசுலயே கேட்டு முடிச்சாச்சு. என்கிட்ட டப்பாதான் இருக்கு.” அவர் சிரித்தார். “வேணும்னா வந்து பாருங்க. நூறு டப்பா தரேன். ஆணி போட்டு வைக்க அருமையா இருக்கும்.”

லென்ஸை மாட்டிய கையோடு கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு அவர் பின்னாலேயே போனாள்.

சீட் கவர் கடையில் கால் வைத்ததும் அவளுக்கு மயக்கமே வந்துவிட்டது. சுவரோரமாகத் தேக்கு மரத்தில் உயரமான இரண்டு கண்ணாடி ஷோகேஸ். அடுக்கடுக்காகக் கேசட் டப்பாக்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு எண் ஒட்டியிருந்தது. காது உடையாத கீல், நிறம் மங்காத அட்டை, ஒவ்வொன்றும் மணி மணியாக. பக்திப்பாட்டு டப்பாவில் அரை அங்குல ஆணி. நாடக டப்பாவில் தையல் ஊசி. வீணை டப்பாவில் சட்டைப் பொத்தான்.

“எங்கப்பா கேசட் கடை வெச்சிருந்தார்” என்றார் அவர், தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தபடி. “பசங்க கை வைப்பாங்கன்னு காலி டப்பாவைத்தான் ஷோகேஸ்ல அடுக்குவார். கேசட் எல்லாம் பின்னால டிராயர்ல நம்பர் போட்டு இருக்கும். டப்பாவைக் காட்டினா உள்ளேருந்து எடுத்துக் கொடுப்பார். அப்பா போனதும் எனக்கும் தங்கச்சிக்கும் பாகம் பிரிக்கறதுல வாய்ச்சண்டை. நான் கோவத்துல, ‘கடைக்கு வெளிப்பக்கம் இருக்கறது எனக்கு, உள்பக்கம் இருக்கறது உனக்கு’ன்னேன். அவளும் கோவத்துல சரின்னுட்டா. மரச்சாமானைத்தான் ரெண்டு பேரும் நெனச்சோம். வீட்டுக்கு வந்தப்புறம்தான் உறைச்சுது, அத்தனையும் காலி டப்பா.”

“உங்க தங்கச்சிகிட்ட?”

“அத்தனையும் மொட்டைக் கேசட். அட்டை கிடையாது, டப்பா கிடையாது, வெறும் உடம்பு.”

“அப்பவே போய்க் கேட்டிருக்கலாமே!”

“நான் ஏன் கேக்கணும்? பெரியவன். அவ வரட்டும்.”

“அவங்க வந்தாங்களா?”

“அவ எப்படி வருவா? எங்கப்பா பொண்ணாச்சே” என்றார் அவர். அந்தப் பதிலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது போலப் பட்டது.

நீல அட்டை டப்பாவை, “டப்பாதானே, வெச்சுக்கங்க” என்று அவளிடமே கொடுத்துவிட்டார். முகவரியையும் சொன்னார். தங்கைக்குச் சலவைக்கடை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே.

சலவைக்கடையை நெருங்கும்போதே பாட்டுக் கேட்டது. உள்ளே இரண்டு பெரிய துவைக்கும் இயந்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன. ஒரு மேசையில் நீராவிப் பெட்டியால் விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் கடைக்காரி. அவள் தலைக்கு மேலே ஒரு பலகையில் பழைய டேப்ரெகார்டர். அதன் மேல் நீராவி பூப்போல எழுந்து படிந்துகொண்டிருந்தது.

“நீராவி!” என்றாள் அக்கா, வணக்கம் சொல்வதற்குக்கூட மறந்து. “கேசட்டுக்கு நீராவி படலாமாம்மா?”

“துணிக்குப் படுது, எனக்குப் படுது, கேசட்டுக்கு மட்டும் என்ன மகாராணி வேஷமா?” என்றாள் சலவைக்கடைத் தங்கை. “சொல்லுங்க, துணி எங்க?”

துணி இல்லை என்று சொல்லி, டப்பாவைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டியபோது, இஸ்திரிப் பெட்டி நின்றது. தங்கை டப்பாவை வாங்கவில்லை. முதுகில் ஒட்டியிருந்த எண்ணை மட்டும் பார்த்தாள். பின்பக்கமாகப் போய், நீளமான மர டிராயர்களில் ஒன்றை இழுத்தாள். அட்டையில்லாத கேசட்டுகள் பல் வரிசை போல நின்றன. அவள் விரல் ஓடி, ஓரிடத்தில் நின்று, ஒரு சாம்பல்நிறக் கேசட்டைத் தூக்கிக் காட்டியது. ஒட்டியிருந்த தாளில் பாதி எழுத்து அழிந்திருந்தாலும் ‘மழை வந்தாச்சு’ என்பது தெரிந்தது.

அக்கா கையை நீட்டினாள். தங்கை கேசட்டை டிராயரிலேயே வைத்து மூடிவிட்டாள்.

“இந்த டப்பாவை யார் கொடுத்தாங்க?”

“உங்கண்ணன்தான்.”

“நினைச்சேன். ஆள் விட்டுத் தூது அனுப்பறாரா?”

“அய்யோ, நான் தூது இல்லம்மா. எனக்காகத்தான் கேக்கறேன். விக்க வேண்டாம். ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டினா போதும்.”

“அவரை வந்து கேக்கச் சொல்லுங்க. ‘தங்கச்சி, தெரியாம பேசிட்டேன்’னு ஒரு வார்த்தை. அதுக்கப்புறம் அந்த டிராயரையே தூக்கிட்டுப் போங்க.” அவள் மறுபடியும் பெட்டியை எடுத்து விரிப்பில் வைத்தாள். புஸ்ஸென்று நீராவி எழுந்தது. “கேசட் கிடக்கட்டும். இந்தத் துணியில மாட்டற சீட்டு நம்பரை மூணு மாசமா படிக்கவே முடியல. யாரோ ஒருத்தர் சட்டையை யாருக்கோ கொடுத்துட்டேன். நீங்க அந்தக் கண்ணாடிக்கடை அக்காதானே?”

அன்று சாயங்காலம் கணவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து எல்லாவற்றையும் கேட்டார். வழக்கமான கிண்டல் வரவில்லை. நீல அட்டையைக் கையில் வாங்கி, ‘சிரிப்பு: குழந்தைகள்’ என்பதை இரண்டு முறை படித்தார்.

“அப்ப அப்படி ஒரு கேசட் இருக்கு” என்றார்.

“இருக்குன்னுதானே தொண்டை கிழியக் கத்திட்டிருக்கேன்!”

“சரி, சரி. ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க, அவ்வளவுதானே. என் பஸ்ல தினமும் பார்க்கறேன். சண்டை போடற ரெண்டு வாலையும் தனித்தனியா உக்கார வெச்சா, சண்டை ஒரு வாரம் நடக்கும். ஒரே சீட்டுல உக்கார வெச்சுப் பாரு, ரெண்டாவது ஸ்டாப் வர்றதுக்குள்ள சாப்பாட்டு டப்பாவைப் பகிர்ந்துக்கும்.”

“இவங்க வாலுங்க இல்லைங்க. அரைக்கிழவங்க.”

“வால் வயசுக்கு வயசு நீளும்” என்றார் அவர்.

சனிக்கிழமை காலை சலவைக்கடைத் தங்கைக்குக் கண் பரிசோதனை. சீட் கவர்க்காரருக்கு அதே நேரத்தில், ‘கண்ணாடியை ஒரு தடவை சரிபார்த்துவிட வேண்டும், வந்து போங்கள்’ என்று ஒரு போன். கணவர் விடுமுறை நாளென்று வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாளோடு உட்கார்ந்துகொண்டார். உள்ளே வருகிறவர் வரலாம், வெளியே போகிறவர் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தங்கை உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூக்கின் மேல் பரிசோதனைச் சட்டம், ஒரு கண்ணுக்குக் கறுப்பு மூடி, இன்னொரு கண்ணுக்குச் சோடாப்புட்டி லென்ஸ். எதிர்ச் சுவரில் எண் பலகை. அண்ணன் உள்ளே வந்து பின்னாலிருந்த பெஞ்சில் உட்கார்ந்ததை அவள் பார்க்கவில்லை. அவரும் சட்டத்துக்குள் இருந்த முகத்தை அடையாளம் காணவில்லை.

“மூணாவது வரி படிங்க” என்றாள் அக்கா.

“ஒம்போது. நாலு. எட்டு.”

“மூணு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். உதவி செய்யும் குரல்தான்.

“எட்டு” என்றாள் தங்கை.

“நல்லாப் பாருங்க. இடது பக்கம் திறந்திருக்கு. மூணு.”

“கண்ணு எனக்கா உங்களுக்கா? எட்டு!”

“சின்ன வயசுல எங்க வீட்ல ஒருத்தி இருந்தா. இதே மாதிரிதான், தப்புன்னு தெரிஞ்சப்புறமும்...” என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

தங்கை சட்டத்தைக் கழற்றாமலே தலையைத் திருப்பினாள். சோடாப்புட்டி லென்ஸுக்குள் அவள் ஒற்றைக்கண் ஒரு கோலிக்குண்டு அளவுக்குத் தெரிந்தது. “யாரு?” என்றாள்.

அண்ணன் எழுந்து வாசலைப் பார்த்தார். வாசலில் விரிந்த செய்தித்தாள் அசையவில்லை.

“ஓ, இதுதான் ஏற்பாடா?” என்றாள் தங்கை, சட்டத்தைப் பிடுங்கி மடியில் வைத்து. “ஷோகேஸைப் பார்த்து நாக்கைத் தொங்கப் போட்டது யாருங்கறதை இன்னைக்காவது ஒத்துக்கச் சொல்லுங்க!”

“டிராயரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னது யாருன்னு அவளைச் சொல்லச் சொல்லுங்க!”

“உள்ள இருக்கறது எனக்குன்னு நீதானே சொன்ன!”

“டப்பாவோட வேணும்னா அன்னைக்கே வாயைத் திறந்து கேட்டிருக்க வேண்டியதுதானே!”

“நீ கேட்டியா?”

“நான் எதுக்குக் கேக்கணும்?”

இது எங்கே போய் முடியும் என்பது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஐந்து நிமிஷம் போனால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். டிராயர் மூடியே கிடக்கும். அவள் எண் பலகையைச் சுட்டும் குச்சியால் மேசையை ஓங்கித் தட்டினாள்.

“நிறுத்துங்க ரெண்டு பேரும்! உங்க பாகப்பிரிவினை எனக்கு வேண்டாம். ஷோகேஸை நீங்களே கட்டிக்கங்க, டிராயரை நீங்க தலைக்கு வெச்சுக்கங்க. எனக்கு அந்த ஒரு கேசட்டை ஒரு தடவை கேக்கணும். ஏழு வயசுல நான் அதுல சிரிச்சிருக்கேன். சிரிச்சேன்னு சொன்னதுக்கு இன்னை வரைக்கும் எங்க வீட்ல என்னைப் பொய்க்காரின்னு சொல்றாங்க. எங்க அண்ணன் சொல்றான், அம்மா சொல்லிட்டே போய்ச் சேர்ந்துட்டாங்க, போன வாரம் நான் பெத்த பொண்ணே சொல்றா. என்ன சொன்னாலும் ‘கேசட்ல சிரிச்ச கதை’. ஒரு மனுஷி எத்தனை காலந்தான் பொய்க்காரியா இருப்பா?”

வாசலில் செய்தித்தாள் மெதுவாகக் கீழே இறங்கியது. கணவர் முதல் தடவையாக அவளைக் கிண்டலே இல்லாமல் பார்த்தார்.

அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“குடை கேசட்லயா?” என்றார் அண்ணன்.

“அதுல சிரிக்கிற பிள்ளையா?” என்றாள் தங்கை.

“ஆமா.”

“எந்தப் பிள்ளை?”

“எந்தப் பிள்ளைன்னா? நிறையப் பேர் சிரிச்சோம்...”

“இல்லக்கா. அதுல ஒருத்தி மட்டும் ஜோக் வர்றதுக்கு முன்னாடியே சிரிச்சிடுவா. தனியா.” தங்கை நாற்காலியிலிருந்து இறங்கினாள். மூச்சை உள்ளே இழுத்து, விக்கல் போல ஒரு சத்தத்தில் தொடங்கி, சறுக்குமரத்தில் இறங்குவது போலக் கடகடவென்று ஒரு சிரிப்பு சிரித்துக் காட்டினாள்.

“அப்படி இல்லடி, கடைசில மேல ஏறும்” என்று அண்ணன் திருத்தி, தானும் சிரித்துக் காட்டினார். சீட் கவர் தைக்கும் அந்தக் கனத்த உடம்பிலிருந்து ஏழு வயதுப் பெண்குழந்தையின் சிரிப்பு வந்தது.

“முந்திரிக்கொட்டை!” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

“யாரு?” என்றாள் அக்கா.

“அவதான்!” என்றாள் தங்கை. “எங்க கடையில நாள் முழுக்க அது ஓடும்ல? அந்தப் பொண்ணுக்கு எங்கப்பா வெச்ச பேரு முந்திரிக்கொட்டை. எங்கள்ல யாராவது அவசரப்பட்டா, ‘இதோ வந்துட்டா பாரு முந்திரிக்கொட்டை’ம்பார். எங்கம்மா சாமி சிலை மாதிரி அமைதியா இருப்பாங்க, அவங்களே அந்தச் சிரிப்புக்குக் காத்திருந்து சிரிப்பாங்க. நீங்களாக்கா அது?”

அக்காவுக்கு அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. கையைத் தூக்கினால் சிரிக்க வேண்டும். தாளைப் படித்தவர் கையைத் தூக்கினார். இவள் சிரித்தாள். அவர் தூக்கியது சிரிப்புக்காக அல்ல. மூக்கிலிருந்து நழுவிய கண்ணாடியை மேலே தள்ளுவதற்காக. பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கேசட்டே வீணாகிவிட்டது, நம்மை அடிக்கப் போகிறார்கள் என்று அவள் பயந்து நின்றாள். அந்தப் பயத்தில்தானோ என்னவோ அந்தப் பகுதியை மட்டும் அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, பின்னால் தானும் மறந்துவிட்டாள்.

“அவர் கண்ணாடியில மூக்குத்தாங்கி தேய்ஞ்சிருக்கும்” என்று முணுமுணுத்தாள். “அரை நிமிஷ வேலை.”

கடையைப் பூட்டிவிட்டு நால்வருமாகச் சலவைக்கடைக்குப் போனார்கள். தங்கை இயந்திரங்களை நிறுத்தினாள். அக்கா தன் கடையிலிருந்து கொண்டுவந்த பொடித் திருப்புளியால் கேசட்டின் திருகுகளைக் கழற்றி, நாடாவைத் தாங்கும் சின்னப் பஞ்சுத்திண்டு விழுந்துவிடாமல் இருக்கிறதா என்று பார்த்து, நீராவியில் படிந்த ஈரத்தை மென்மையான கண்ணாடித் துணியால் ஒற்றி, மறுபடியும் மூடினாள். மற்ற மூவரும் அறுவை சிகிச்சைக்கு வெளியே நிற்பவர்கள் போல நின்றார்கள்.

கேசட் ஓடியது. மழைச் சத்தம். எண்ணெயில் ஏதோ பொரிப்பது போல இருந்தது அந்த மழை. குமாஸ்தா பேசினார். முதல் நகைச்சுவைக்குப் பிள்ளைகள் கூட்டமாகச் சிரித்தார்கள். இரண்டாவதுக்கும் அதே சிரிப்பு, மூன்றாவதுக்கும் அச்சு அசலாக அதே சிரிப்பு. ஒரு தடவை பதிந்ததையே வெட்டி வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் தன் குரல் எது என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் முகம் வாடத் தொடங்கியது.

“இருங்க, இப்ப வரும்” என்றார் சீட் கவர்க்காரர்.

குமாஸ்தா, “அப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா?” என்றார். ஒரு கணம் நிசப்தம். விக்கல் போல ஒன்று. அதன் பின் கடகடவென்று, யாரையும் கேட்காமல், ஒரே ஒரு குழந்தையின் சிரிப்பு. படித்தவர் கெட்டிக்காரர், திகைத்ததைக் குரலில் காட்டாமலே சொன்னார்: “கொஞ்சம் பொறும்மா! நான் இன்னும் குடையையே விரிக்கலை.” அதற்கு எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வெட்டி ஒட்டியதல்ல.

அண்ணனும் தங்கையும் அவர் சொன்னதைக் கூடவே சொன்னார்கள், அவரோடு ஒரு சொல் பிசகாமல். அக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் துவைக்கும் இயந்திரத்தின் மேல் சாய்ந்து நின்றிருந்தார்.

“என்ன, வாயடைச்சுப் போச்சா?”

“இந்தச் சிரிப்போடதானேம்மா இத்தனை வருஷமாக் குடித்தனம் பண்றேன்” என்றார் அவர். “எனக்கா அடையாளம் தெரியாது?”

அவள் கைப்பையிலிருந்து நீல டப்பாவை எடுத்தாள். கேசட்டை அதில் வைத்து மூட வேண்டும். அதன் பிறகு அது பின்னறைச் சுவரின் நட்ட நடுவில் நிற்கும். கையை நீட்டியபோது, தங்கை கேசட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“முந்திரிக்கொட்டையைக் கொடுக்க முடியாதுக்கா.”

“அண்ணன் வந்தா டிராயரையே தூக்கிட்டுப் போங்கன்னு சொன்னியேம்மா!”

“அது அப்ப. நீங்க யாருன்னு தெரியாது.”

“அண்ணே, நீங்களாவது சொல்லுங்க.”

“அவ சொல்றது நியாயந்தான்” என்றார் அவர். “அது எங்க வீட்டுப் பொண்ணு சிரிப்பு. டப்பாவையும் அப்படியே இங்க கொடுத்துடுங்க.”

இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் சேர்ந்து நிற்பதைப் பார்த்த அக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சேகரிப்பவளாக அவள் நியாயமாகக் கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவளுக்குள் ஏதோ கணக்குத் தீர்ந்திருந்தது. டப்பாவைக் கொடுத்தாள். தங்கை கேசட்டை உள்ளே வைத்து மூடினாள். அண்ணன் அதை வாங்கி, டக்கென்ற அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு தடவை திறந்து மூடினார்.

“மத்ததெல்லாம்?” என்றாள் அக்கா, ஷோகேஸையும் டிராயரையும் நினைத்து. அவள் விரல்கள் துறுதுறுத்தன. “அதெல்லாம் சேர்க்க வேண்டாமா? ஒவ்வொண்ணையும் திறந்து துடைச்சு, ஆணியையெல்லாம் எடுத்து... உங்களுக்கு அது வராது. நான் வந்து பண்றேன். ஒரே ஒரு நிபந்தனை. நாளைக்கு எங்க அண்ணன் இங்க வரணும், நீங்க அதைப் போட்டுக் காட்டணும்.”

ஞாயிற்றுக்கிழமை ஆடிட்டர் குடும்பத்தோடு வந்தார். சலவைக்கடையில் நிற்க இடமில்லாமல் தொங்கும் விரிப்புகளுக்கு நடுவே ஆளுக்கொரு சந்து பிடித்து நின்றார்கள். ஆடிட்டர் முதலில் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

“குழந்தைகள்னுதான் போட்டிருக்கு. பேர் இல்லையே.”

“நாங்க சாட்சி சார்” என்றார் சீட் கவர்க்காரர்.

“நீங்க பதிவு பண்ணும்போது கூட இருந்தீங்களா?”

“இல்ல, ஆனா...”

“அப்ப அது சாட்சி இல்ல. கேள்விப்பட்டது.”

“இவரை இங்க யாரு கூட்டிட்டு வந்தது?” என்றாள் சலவைக்கடைத் தங்கை, காதில் விழும்படியாகவே. பொத்தானை அழுத்தினாள்.

மழை பொரிந்தது. குமாஸ்தா பேசினார். விக்கல் வந்தது, சிரிப்பு வந்தது, குடை விரியவில்லை. அக்காவின் மகள் வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். ஆடிட்டரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“இன்னொரு தடவை போடுங்க.”

போட்டார்கள்.

“இன்னொரு தடவை.”

மூன்றாம் தடவை அவர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். சிரிப்பு வரும் இடத்தில் அவர் உதடு கொஞ்சம் முன்னதாகவே அசைந்துவிட்டது. கண்ணைத் திறந்தார். தன் தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

“சரி” என்றார். “சிரிச்சது நீதான். நான் சொன்னது தப்பு.”

சலவைக்கடை முழுவதும் கைதட்டியது. விரிப்புகள்கூட ஆடின. அக்காவுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க மூக்கைச் சிந்தினாள்.

ஆடிட்டர் கையை உயர்த்திக் கைதட்டலை நிறுத்தினார். “ஆனா ஒரு விஷயம். இந்த வேலை மொத்தமும் ஒரு மணி நேரத்துக்கு மேல போயிருக்காது. மதியம் போனவ. வீட்டுக்கு வரும்போது நல்லா இருட்டிடுச்சு, எனக்கு ஞாபகம் இருக்கு. மிச்ச நேரம் எங்க இருந்த?”

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

“அதுவா?” என்றாள் அக்கா. “திரும்பி வர்ற வழியில வேன் பஞ்சர். மாத்தறதுக்காகப் பின்னால இருந்த டயரை எடுக்கப் போனா, அதுக்குள்ள ஒரு பூனை குட்டி போட்டிருக்கு. டிரைவர் அதைத் தொட மாட்டேன்னுட்டார். பிள்ளைங்க எல்லாரும் சுத்தி உக்காந்துட்டோம். பூனை ஒவ்வொண்ணா வாயில கவ்வி எதிர்வீட்டு மாடிக்குக் கொண்டு போற வரைக்கும் வேன் நகரவே இல்ல...”

ஆடிட்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

“எத்தனை குட்டி?” என்றார்.